அப்பாவின் திதி

ராசா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பாதியில் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணிக் கோப்பையை அன்றைக்கே கழுவி வைத்துவிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்து அழுகிற ஆள் நானில்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ ரெலிபோனை எடுக்கிறாய் இல்லை. எடுத்தாலும் "வேலையா நிக்கிறன் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்கிறாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. சுபாவிடம் கேட்டால், "அவருக்குக் கொஞ்சம் ரைம் குடுங்கோ மாமி" என்று அந்தப் பிள்ளை பக்குவமாகச் சொல்கிறாள். கட்டப்போகிற பெட்டையைத் தாய்க்கும் மகனுக்கும் நடுவில் தூது போக வைத்திருக்கிறாய். கெட்டிக்காரன்தான். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் நீ கோபித்துக்கொண்டு எழும்பிப் போனாலும் திரும்பி வரும்வரை மேசையில் கிடக்கும். இடையில் பேசி என்னை மறிக்கவும் உன்னால் முடியாது.

நான் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். ஆவணியில் உன் கலியாணம். அதற்கு முன்னால், இந்த ஆடி மாதம், அப்பாவின் திவசத்தைப் பௌர்ணமிக்கு அடுத்தநாள், அபரபக்கப் பிரதமையில் செய் என்றேன். "இவ்வளவு காலமும் அமாவாசையிலதானே செய்தனாங்கள், இப்ப என்ன புதுசா?" என்று கேட்டாய். அப்பாவின் திதி தெரிந்துவிட்டது என்றேன். யார் சொன்னது என்று கேட்டாய். ஐயர் கணித்துச் சொன்னார் என்று நான் ஒரு பொய்யை விட்டிருந்தால் நீ தலையை ஆட்டிவிட்டு வடையை எடுத்துக் கடித்திருப்பாய். கலியாணத்துக்கு முன்னால் உன்னிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குணதாச சொன்னவர் என்றேன். நீ எழும்பிவிட்டாய். "அவன்ர வாயால வந்த திதி எங்களுக்கு வேண்டாம். அப்பாவை அவனிட்டை வித்துப்போட்டியள். அவ்வளவுதான், தற்ஸ் இற், அம்மா" என்றாய். கதவை மட்டும் மெதுவாகத்தான் சாத்தினாய். கதவை அடித்துச் சாத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது என்பது அந்தக் கோபத்திலும் உனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

குணதாசவை உனக்கு மறந்திருக்காது. தெஹிவளையில் எங்கள் ஒழுங்கையில் முன்வீட்டுக்காரர். சந்தியில் அவருக்கு ஒரு சின்ன பேக்கரி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு நீ வரும்போது சீனிச்சம்பல் வைத்த பணிஸ் ஒன்றைக் கடுதாசியில் சுற்றி உன் கையில் தருவார். என்னை நங்கி என்பார், அப்பாவை மல்லி என்பார். தங்கச்சி, தம்பி என்று எங்களைத் தங்கள் பாஷையில் உறவாக்கி வைத்திருந்தவர். அவருடைய மூத்த மகளின் கலியாணத்துக்குப் பலகாரம் சுட்டுக் கொடுத்தது நான். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில், அந்தத் திங்கட்கிழமை முன்னேரம், தடியும் பெற்றோல் கானுமாக வந்த கூட்டம் ஒழுங்கை வாசலில் நின்று தமிழ் வீடு எது என்று கேட்டது. அவர் தன் கேற்றுக்கு வெளியே நின்று கையை நீட்டி எங்கள் வீட்டைக் காட்டினார். பின்வீட்டு அல்விஸ் நோனா உன்னை மதிலால் இழுத்துத் தூக்கிய நேரம், நான் திரும்பி அதைப் பார்த்தேன். நீயும் பார்த்தாய். பத்து வயதுப் பிள்ளை பார்க்கக்கூடாத காட்சி அது. அல்விஸ் நோனாவின் அரிசி அறையில் உன் வாயைப் பொத்திக்கொண்டு நான் இருந்தபோது எங்கள் வீடு எரிகிற மணம் வந்தது. அப்பா கொழும்புக் கோட்டையில் கந்தோர் வேலையில் இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூட முகாம், கப்பல், காங்கேசன்துறை. அப்பா மட்டும் வரவில்லை. ஒருவர் செவ்வாய்க்கிழமை கோட்டை ஸ்ரேஷனில் அவரைக் கண்டேன் என்றார். இன்னொருவர் அடுத்த வாரம் வேறொரு முகாமில் சாப்பாட்டு வரிசையில் கண்டேன் என்றார். உடம்பு கிடைக்கவில்லை. நான் பொட்டு வைப்பதா அழிப்பதா என்று ஊரே வாதாடியது. சிலர் என் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்ப்பார்கள். கடைசியில் பெரியவர்கள் கூடி, திதி தெரியாதவருக்கு ஆடி அமாவாசை என்று முடிவு செய்தார்கள். கடல் தாண்டி இந்தக் குளிர்தேசத்துக்கு வந்த பிறகும் அதேதான். கோயில் என்று சொல்லி எடுத்திருந்த அந்தக் கிடங்கு மண்டபத்தில், தண்ணி நிரப்பிய பிளாஸ்ரிக் பேசினுக்கு முன்னால் நீ சம்மணம் கட்டி இருப்பாய். எல்லாரிடமும் கேட்கிறமாதிரி ஐயர் உன்னிடமும் "இறந்த திதி?" என்று கேட்பார். நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய். நான் நிலத்தைப் பார்ப்பேன். "சரி, அமாவாசையெண்டே வைப்பம்" என்று அவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார். அந்த ஒரு கேள்விக்காகவே ஆடி பிறந்தால் எனக்குக் கோயிலுக்குப் போக மனம் வராது. இன்னொன்றும் இருந்தது. கோட்டை ஸ்ரேஷனில் கண்டதாகச் சொன்ன ஆளின் கதையை நான் பாதி நம்பினேன். எங்களைத் தேடி வராமல் அந்த மனிசன் ஏன் கோட்டையில் நின்றார் என்று இரவும் பகலும் அப்பாவோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். செத்தவரோடு சண்டை பிடிப்பது மிகவும் களைப்பான வேலை ராசா.

இந்த வருஷம் மாரிக்குளிர் முடிகிற நேரத்தில்தான் குணதாச நான் வேலை செய்கிற கடைக்கு வந்தார். வெக்ஸ்போர்ட்டில் தமிழ்க்கடை என்றாலும் மாசிக் கருவாடு, றம்பை இலை, கொறுக்காய்ப் புளி வாங்கச் சிங்கள ஆட்களும் வருவார்கள். நான் அவர்களை வேறாகப் பார்ப்பதில்லை. அன்றைக்குப் பெரிய ஜக்கெற்றுக்குள் மெலிந்துபோன ஒரு கிழவர் ஒரு பை மாசியை மேசையில் வைத்தார். கையைத்தான் முதலில் அடையாளம் கண்டேன். மாவு பிசைந்து தடித்த விரல்கள். அதே கை. நிமிர்ந்து பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நான் மாசியை நிறுத்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் போய் இருந்துவிட்டேன். முதலாளி அண்ணை வந்து, "என்ன அக்கா, பிரஷரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். யூனியன்வில்லில் இளைய மகளோடு இருக்கிறாராம். மனிசி செத்துப்போனாவாம். கடையில் ஆள் குறையும் வரை பருப்பு அடுக்கியிருந்த பக்கம் நின்றுவிட்டு வந்து, "நங்கி" என்றார். அப்படிக் கூப்பிடவேண்டாம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் பிள்ளைகள் இருந்தது. காட்டாட்டி என்ட கடையும் எரிப்பாங்கள். மனசில வைக்க வேணாம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் தராசைத் தூக்கி அடித்திருப்பேன். "சாமானை எடுத்துக்கொண்டு போங்கோ" என்றேன். போய்விட்டார்.

இந்த இடத்தில் உனக்கு ஒரு கதை சொல்லவேண்டும், கலியாணம் கட்டப்போகிறவன் நீ. உனக்கு மூன்று வயதிருக்கும். அப்பா என் கூறைச் சேலையை அயன் பண்ணப் போய்ப் பொசுக்கிவிட்டார். உள்ளங்கையளவு ஓட்டை. நான் சந்தைக்குப் போய்வந்தபோது அந்தச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "நான்தான் எரிச்சனான். அயன்பொக்ஸை வைச்சிட்டு ரேடியோவில கிரிக்கெற் கேட்டுக்கொண்டு நிண்டிட்டன்" என்றார். வேறு ஒரு சொல் இல்லை. கரண்டைக் குற்றம் சொல்லவில்லை, அயன்பொக்ஸைக் குற்றம் சொல்லவில்லை, உன்னைச் சாட்டவும் இல்லை. இரண்டு நாள் நான் பேசவில்லை, மூன்றாம் நாள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கரண்ட் கூடிக் குறைந்தது என்று அவர் ஒரு விளக்கம் சொல்லியிருந்தால் அவர் இருந்தவரைக்கும் அந்த ஓட்டையை வைத்து அவரைத் தின்றிருப்பேன். சுபாவோடு நீ எப்படியும் பிழை விடுவாய். விட்டால் விட்டதை அப்படியே சொல்லு. ஏன் விட்டாய் என்பதை அவள் கேட்டால் மட்டும் சொல்லு.

அதையேதான் குணதாசவுக்கும் சொன்னேன், ராசா. மூன்றாம் முறை வந்தபோது, "உங்கட விளக்கம் எனக்கு வேண்டாம். இவருக்கு என்ன நடந்தது? தெரிஞ்சால் அதைச் சொல்லுங்கோ, தெரியாட்டி இந்தக் கடைக்கு இனி வரவேண்டாம்" என்றேன். கையில் எடுத்த பையை அவர் திரும்ப வைத்தார். ஒன்றும் வாங்காமல் திரும்பிப் போனார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, இந்த மனிசனுக்குத் தெரியும் என்று. பல கிழமைகள் வரவில்லை. நான் கடைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரை இனிக் காணவே கூடாது என்று இத்தனை காலம் நேர்ந்துகொண்டிருந்தேனோ, அந்த ஆள் எப்போது வருவார் என்று காத்திருந்தேன். விதியைப் பார்.

சித்திரை வருஷம் பிறந்த பிறகு ஒரு மத்தியானம் வந்தார். பக்கத்து டோனட் கடையில் போய் இருந்தோம். அவர் வாங்கிவந்த கோப்பியை நான் தொடவில்லை. அவரும் குடிக்கவில்லை. அவர் சொன்னதை அவருடைய சொல்லிலேயே எழுதுகிறேன். "மல்லி அண்டைக்கே வந்தது நங்கி. பின்னேரம், விளக்கு வைக்க முன்னம். வீடு எரிஞ்சு முடிஞ்சிருந்தது. என்ட கேற்றைப் பிடிச்சுக்கொண்டு என்ட பேர் சொல்லிக் கூப்பிட்டது. நான் உள்ளுக்குத்தான் நிண்டன். கேற் திறக்க இல்ல." பயத்திலா என்று நான்தான் கேட்டேன். பார், நானே அவருக்கு ஒரு சாக்கை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் அதை வாங்கவில்லை. "பயம் எண்டு போன முறை சொன்னது பொய். பயமும் இருந்தது, கொஞ்சம். ஆனா கோவம்தான் கூட. ஆமிக்காரப் பெடியங்கள் செத்தது எண்டு ரேடியோவில கேட்டு, உங்கட ஆக்களுக்கு இது வேணும் எண்டு நானும் நினைச்சன். எங்கட வீட்டில சாப்பிட்ட மனுசன் கேற்றில நிக்கேக்க அப்பிடி நினைச்சன்." சந்தியில் நின்ற கூட்டம் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பியது. அதற்குப் பிறகு அதிக நேரம் எடுக்கவில்லையாம். சந்தியில், அவருடைய பேக்கரிக்கு முன்னால். உடம்புகளை அன்றிரவே லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம்.

அந்தத் திங்கட்கிழமை முழுநிலவுப் போயாவுக்கு அடுத்தநாள். பிரதமை. எனக்குத் திதி கிடைத்துவிட்டது. நீ என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தாலும் சரி, அந்த டோனட் கடையில் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஒரு ஆறுதல். கோட்டை ஸ்ரேஷனும் இல்லை, சாப்பாட்டு வரிசையும் இல்லை. அந்த மனிசன் அன்றைக்கே எங்களைத் தேடி வந்திருக்கிறார். அழுகை பஸ்ஸுக்குள் வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு சீனக் கிழவி கண் துடைக்க ரிசு எடுத்துத் தந்தாள்.

குணதாச மன்னிப்புக் கேட்டார். "செத்துப்போனவரிட்டைக் கேக்கவேண்டியதை என்னட்டைக் கேட்டால் நான் என்ன செய்யிறது?" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நாள்கணக்காக யோசித்தேன். அப்பாவுக்கு நடந்ததை மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்லை. அது அப்பாவுடையது, அவர் கொண்டுபோய்விட்டார். நீ தகப்பன் இல்லாமல் வளர்ந்தாய், பெற்றோர் கூட்டத்துக்கு வேலை உடுப்போடு ஓடிவருகிற தாயைப் பார்த்து வெட்கப்பட்டாய். அதை மன்னிப்பதும் விடுவதும் உன்னுடைய பாடு. என்னுடையது என்று ஒரு பங்கு இருக்கிறது: எரிந்த வீடு, வெறும் நெற்றி, அந்தக் கை நீண்டதைப் பார்த்த என் கண். அந்தப் பங்கை மட்டும் விட்டேன். விட்டேன் என்றால் என்ன? அவர் நாசமாய்ப் போகவேண்டும் என்று விளக்கு வைக்கும்போது கேட்பதை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமைகளில் வந்தால் மாசியை நிறுத்துக் கொடுக்கிறேன். போன மாதம் அவர் வருத்தம் வந்து படுக்கையில் கிடந்தபோது யூனியன்வில்லுக்குப் போய்ப் பார்த்தேன், அதைத்தான் யாரோ கதை கட்டி உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நங்கி என்று கூப்பிட இன்னும் விடவில்லை. சிநேகிதம் கிநேகிதம் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. சில நாள் அதுவும் முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தராசைப் பார்த்தபடி நிற்கிறேன்.

உன் கலியாணத்துக்கு அவரை நான் சொல்லி அழைக்கமாட்டேன். அந்தப் பயம் உனக்கு வேண்டாம், அது உன்னுடைய மணவறை. திவசத்துக்கு வந்து ஒரு மூலையில் நிற்கலாமா என்று கேட்டார். "உது மகன்ர காரியம். அவன் கேட்டால் வாங்கோ. கேக்கமாட்டான் எண்டுதான் நினைக்கிறன்" என்றேன். தலையாட்டினார். நீ அவரை மன்னிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. உன் வயதில் எனக்கும் அது முடிந்திராது. ஆனால் ஒரு காரியத்தில் நான் உன்னைத்தான் நம்பியிருக்கிறேன். நான் சமைக்கலாம், படைக்கலாம், ஐயருக்குச் சொல்லலாம். எள்ளும் தண்ணீரும் இறைக்க முடியாது. அது உன் கைதான். அவர் சொன்ன திதி வேண்டாம் என்று நீ சொன்னால், அப்பா திரும்பவும் திதி இல்லாதவர்களின் வரிசையில் போய் நிற்பார். நீ குணதாசவுக்குக் கொடுக்கிற தண்டனை போய் விழுகிற இடம் அது.

அவன் சொல்வது உண்மை என்று என்ன நிச்சயம் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். அவர் நல்ல பெயர் எடுக்க நினைத்திருந்தால், ஓடிப்போய்த் திறந்தேன், அதற்குள் பிடித்துவிட்டார்கள் என்று சொல்லியிருப்பார். நான் நம்பியிருப்பேன், நம்பத்தான் எனக்கும் ஆசை. கேட்க யாரும் இல்லாத ஊரில், தன் வாயாலேயே கேற்றைப் பூட்டி வைத்திருந்தேன் என்று ஒருவன் ஏன் பொய் சொல்லவேண்டும்?

அன்றைக்கு நீ எழும்பிப் போனதால் மிச்சத்தை நான் சொல்லவில்லை. அப்பா கேற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டது கதவைத் திறக்கச் சொல்லி இல்லை. "மகன் எங்கை? மகனும் அவவும் எங்கை?" என்றுதான் கேட்டாராம். குணதாசவுக்கு நாங்கள் இருந்த இடம் தெரியும். மதிலால் நாங்கள் ஏறியதை அவரும் கண்டிருக்கிறார். அதை மட்டும் அவர் கூட்டத்துக்குச் சொல்லவில்லை. கேற்றுக்கு உள்ளே நின்றபடி, "இருக்கினம். பின்வீட்டில" என்றாராம். அப்பா கேற்றை விட்டுவிட்டார். அதற்குள் கூட்டம் அவரைக் கண்டுவிட்டது. எங்கள் ஒழுங்கை உனக்கு ஞாபகம் இருக்கும்: இடப்பக்கம் போனால் அல்விஸ் நோனா வீட்டுக் குச்சொழுங்கை, கூப்பிடு தூரம். வலப்பக்கம் சந்தி. அப்பா இடப்பக்கம் ஒருமுறை பார்த்தாராம். பிறகு வலப்பக்கம் திரும்பினாராம். "ஓட இல்ல நங்கி, நடந்தது. அவங்கள் வாற பக்கம் நடந்தது" என்று சொல்லிவிட்டுக் குணதாச மேசையில் முகத்தை வைத்துக்கொண்டார்.

அப்பாவுக்கு நாங்கள் இருந்த இடம் தெரியும், ராசா. தெரிந்துதான் அங்கே வரவில்லை.

பிரதமை வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள். எட்டு மணிக்கு ஐயரை வரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு லீவு எடு. தலை முழுகிவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் வா.

அம்மா